மனந்திரும்புதலை அளந்த கோல்கள்

கிறிஸ்தவ சபையில் சேர ஒருவர் வாயால் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுவதாகச் சொல்லி, விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட்டு, ஞானஸ்நானம் பெற்றால் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். அந்தச் சொற்களோடு உள்ளமும் திரும்பியதா என்ற கேள்விதான் எளிதில் தீருவதில்லை. துக்கநாளில் உடையைக் கிழித்துக்கொண்ட மக்களிடம், கிழிய வேண்டியது உள்ளம் என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னார். தம்மை ஆண்டவர் என்று அழைத்துவிட்டால் போதும் என நினைத்தவர்களை இயேசு எச்சரித்தார். உடலில் செய்த விருத்தசேதனம் போதாது, அது இருதயத்தில் நடக்க வேண்டும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார்.

உள்ளத்தைக் கடவுள் ஒருவரே அறிவார் என்பதில் சபைகளுக்குள் மாறுபாடு இல்லை. ஆனாலும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதா, காத்திருக்கச் சொல்வதா, நற்கருணைக்கு அனுமதிப்பதா என்று சபை முடிவெடுத்தாக வேண்டும். அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்றை அளவாகக் கொள்ளாமல் முடியாது. ஒழுக்கம், கண்ணீர், அனுபவ சாட்சி, அன்றாட ஒழுங்கு, பந்தி என்று ஒவ்வொரு மரபும் தனக்கென ஒரு கோலை வைத்துக்கொண்டது. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மனப்பாடம் செய்துவிடக்கூடிய எந்தக் கோலும் நெடுங்காலம் உண்மையாக நிற்கவில்லை. ஒரு சமுதாயம் எதை விட்டுக்கொடுக்க மிகவும் தயங்குகிறதோ, அந்த இடத்தில் ஊன்றிய கோலே நின்றது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த இடம் சாதி. இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

ஆதிச் சபை: மூன்று ஆண்டுக் காத்திருப்பு

3ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஹிப்பொலிட்டஸின் பெயரால் வழங்கும் ‘அப்போஸ்தல மரபு’ என்ற ஒழுங்குநூல், சபைக்கு வருபவர் மூன்று ஆண்டு உபதேசம் கேட்க வேண்டும் என்கிறது. வந்த முதல் நாளே அவருடைய தொழிலைப் பற்றி விசாரிப்பார்கள். விக்கிரகம் செய்பவரும், அரங்கில் மனிதரோடு மோதிக் கொல்பவரும் அந்தத் தொழிலை விட்டாக வேண்டும். ஞானஸ்நானம் நெருங்கும்போது இன்னொரு விசாரணை உண்டு: இவர் விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா, நற்செயல்களில் ஊக்கமாக இருந்தாரா? இவற்றுக்கு அவரை அழைத்து வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். கருத்தாய் நடப்பவருக்கு மூன்று ஆண்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அந்நூல் இடம் தருகிறது. கணக்கில் வந்தது காலம் அல்ல, நடத்தை என்பது இதனால் விளங்கும்.

313இல் கிறிஸ்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 380இல் அவர்களுடைய மார்க்கமே பேரரசின் மார்க்கமாயிற்று. கிறிஸ்தவனாவது ஆபத்தாக இருந்த காலம் போய் ஆதாயமாகும் காலம் வந்தது. சபை நிரம்பியபோது கோல் தளர்ந்தது. பாலைவனத்துக்குப் போன துறவிகளில் பலர் அந்தத் தளர்ச்சியைச் சகிக்காமல் போனவர்கள்.

ஆயினும் உள்ளம் மாறினால் போதும், வெளியே சொல்ல வேண்டாம் என்று அந்தக் காலம் கருதவில்லை. அகுஸ்தீனுடைய ‘அறிக்கைகள்’ நூலில் விக்டோரினுஸ் என்பவரின் கதை வருகிறது. ரோமாபுரியில் சிலை வைத்துக் கொண்டாடப்பட்ட நாவலர் அவர். வேதத்தைப் படித்து உள்ளூர நம்பிய அவர், தாம் கிறிஸ்தவராகிவிட்டதாகச் சிம்பிளிசியானுஸ் என்ற மூத்தவரிடம் தனிமையில் சொல்லிவந்தார். கோவிலில் உம்மைப் பார்க்கும்வரை அப்படி எண்ணமாட்டேன் என்றார் அவர். சுவர்களா மனிதரைக் கிறிஸ்தவராக்குகின்றன என்று விக்டோரினுஸ் சிரித்துவிடுவார். உண்மையில் அவருக்கு நண்பர்களின் பகை பயமாக இருந்தது. கடைசியில் தம் கோழைத்தனத்தை எண்ணி வெட்கப்பட்டு, மறைவாக அறிக்கையிடக் கிடைத்த சலுகையையும் வேண்டாமென்று சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் நின்றார். வாயின் அறிக்கைக்குள்ளும் உள்ளத்தின் மாற்றம் இருக்க முடியும் என்பதற்கு இந்தக் கதை சான்று. விலை கொடுத்துச் சொன்ன சொல் வெறும் சொல் ஆகாது.

கத்தோலிக்க மரபு: மனஸ்தாபமும் பரிகாரமும்

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. 1551இல் திரெந்து சங்கம் அந்த அருட்சாதனத்தில் பாவியின் பங்கை மூன்றாக வகுத்தது: மனஸ்தாபம், பாவத்தைச் சொல்லுதல், பரிகாரம். தண்டனைக்குப் பயந்து வருந்துவதையும் கடவுள்மேல் கொண்ட அன்பால் வருந்துவதையும் இந்த மரபு பிரித்தே பார்த்தது. கூண்டுக்குள் சொல்லிவிட்டு வெளியே வந்து பழையபடி நடப்பவருக்குப் பரிகாரம் என்ற மூன்றாவது கூறு இடம் கொடுக்கவில்லை. திருடியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற சகேயுவின் வழி அது.

தமிழ்நாட்டில் இந்த மரபுக்கு நல்ல நூலொன்று கிடைத்தது. 1720களின் இறுதியில் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். ஊர்தோறும் உபதேசம் செய்யும் வேதியர்களின் உள்வாழ்வைச் செப்பனிடும் நூல் அது. பிறருக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுப்பவன் தன்னைச் சோதிக்காமல் இருந்துவிடுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். மக்களைவிட ஊழியருக்கே இந்தக் கேள்வி அதிகம் பொருந்தும் என்ற அவருடைய பார்வை இன்றும் பழையதாகவில்லை.

நியூ இங்கிலாந்து: அனுபவத்தைச் சொல்லக் கேட்ட சபை

17ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள், நல்லொழுக்கமும் சரியான கொள்கையும் மட்டும் போதாது என்றார்கள். கிருபை தன் உள்ளத்தில் எப்படிச் செயல்பட்டது என்பதை ஒருவர் சபையின் முன் சொல்ல வேண்டும். சபையார் கேட்டு ஏற்ற பின்பே அவருக்கு முழு உறுப்புரிமை.

முதல் தலைமுறைக்கு அது இயல்பாக வந்தது. கடலைக் கடந்து, வீடுவாசலைத் துறந்து வந்தவர்கள் அவர்கள். சொல்ல அவர்களிடம் அனுபவம் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் நல்லவர்களாக வளர்ந்தார்கள், ஆனால் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றார்கள். 1662இல் சபைத் தலைவர்கள் கூடி அரைவழி உடன்படிக்கை என்று பின்னர் பெயர் பெற்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். அனுபவ சாட்சி சொல்லாதவர்களின் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. அவர்களுக்கு நற்கருணை இல்லை. அனுபவத்தைப் பரம்பரையாகக் கையளிக்க முடியாது என்பதைச் சபையே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

அந்த மண்ணில் வந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இந்தக் கேள்வியை எல்லோரையும்விட நுணுக்கமாக ஆராய்ந்தார். 1734-35இல் நார்தாம்ப்டனில் அவர் கண்முன்னே பெரிய எழுப்புதல் நடந்தது. கண்ணீர்விட்டவர்களில் பலர் சில ஆண்டுகளில் பழையபடி ஆனதையும் அவர் பார்த்தார். 1746இல் வெளிவந்த ‘சமய உணர்வுகள்’ நூலில், எவற்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று பன்னிரண்டு காரியங்களை முதலில் விலக்கினார். உணர்ச்சி மிகுதி, உடல் நடுக்கம், சரளமான பக்திப் பேச்சு, வேதவசனங்கள் மனத்தில் வந்து விழுதல், ஆராதனையில் நீண்டநேரம் ஈடுபடுதல் ஆகிய எதுவும் மாற்றத்துக்கு உறுதியான சான்று ஆகாது. பிறகு மெய்யான அடையாளங்கள் பன்னிரண்டைச் சொன்னார். கடைசியாக வைத்து, மிக விரிவாக எழுதி, எல்லாவற்றுக்கும் மேலானதாகச் சொன்ன அடையாளம் நடைமுறை வாழ்க்கை.

இவ்வளவு கூர்மையாக எழுதிய எட்வர்ட்ஸ் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். 1731இல் நியூபோர்ட்டில் ஒரு கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கினார். பன்னிரண்டு அடையாளங்களில் ஒன்றுகூட அவருடைய வீட்டு வாசலில் நின்ற கேள்வியை அவருக்குக் காட்டவில்லை. அவரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஊரே வழக்கமாகக் கொண்ட பாவம் மிகக் கூர்மையான கண்ணுக்கும் மறைந்துவிடுகிறது என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹாலே: போராடித் திரும்பிய உள்ளம்

ஜெர்மனியில் லூதரன் சபை நாட்டின் சபையாக நிலைபெற்ற பிறகு, கொள்கைத் தர்க்கத்தில் வல்லவர்களாகவும் பக்தியில் வறண்டவர்களாகவும் போதகர்கள் பெருகினார்கள். 1675இல் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் ‘பியா தெசிதேரியா’ என்ற சிறு நூலை வெளியிட்டு இதைக் கண்டித்தார். வீடுகளில் சிறு குழுவாகக் கூடி வேதம் வாசித்து ஒருவரையொருவர் தாங்கும் வழக்கத்தை அவர் பிராங்க்பர்ட்டில் முன்னரே தொடங்கியிருந்தார். பக்திமார்க்க இயக்கம் இப்படி வேரூன்றியது.

அதன் அடுத்த தலைவர் அவுகுஸ்த் ஹெர்மான் பிராங்கே. 1687இல் லூனபுர்க் நகரில் பிரசங்கம் செய்ய அவரை அழைத்திருந்தார்கள். யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், விசுவாசித்து ஜீவனைப் பெறுவதைப் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டு தயாரித்தபோது, தாம் பிரசங்கிக்கப் போகும் விசுவாசம் தமக்கே இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இறையியல் முழுதும் தலையில் இருந்தும், கடவுள் இருக்கிறாரா என்பதிலேயே ஐயம். முழங்காலில் நின்று, இருக்கிற கடவுள் தம்மை இரட்சிக்கட்டும் என்று மன்றாடினார். எழுந்தபோது ஐயம் போயிருந்தது. சில நாளில் அதே வசனத்தில் பிரசங்கம் செய்தார்.

பிராங்கே பின்னர் பணியாற்றிய ஹாலே நகரில் இந்த அனுபவமே ஒரு படிவமாயிற்று. பாவ உணர்வு, போராட்டம், திருப்பம், சமாதானம் என்ற வரிசையில் மனந்திரும்புதல் நடக்க வேண்டும், முடிந்தால் நாளையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அங்கே படித்த கவுண்ட் சின்சென்டார்ப், தமக்கு அப்படிப் போராட்டம் எதுவும் நேரவில்லை என்றும் எல்லோரும் ஒரே வழியில் வர வேண்டியதில்லை என்றும் பிற்பாடு வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பிராங்கேயின் திருப்பம் உணர்ச்சியோடு முடியவில்லை. 1695இல் காணிக்கைப் பெட்டியில் விழுந்த சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என ஒரு நகரமே எழுந்தது. ஹாலே மரபின் உண்மையான கோல் அந்த அநாதை இல்லம்தான்.

வெஸ்லி: வாரந்தோறும் கேட்ட கேள்வி

1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் ஜான் வெஸ்லியின் உள்ளம் நெகிழ்ந்தது உலகறிந்த செய்தி. அந்த அனுபவத்தை அவர் எப்படிப் பாதுகாத்தார் என்பதே நாம் படிக்க வேண்டியது. 1742இல் பிரிஸ்டலில், ஜெபவீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கும் ஏற்பாடு வந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வீடு வீடாகப் போனார். போன இடத்தில் யார் குடிக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை என்பதும் தெரியவந்தது. பணம் வாங்கப் போனவர் ஆத்துமாவை விசாரிப்பவரானார். இப்படி வகுப்புக் கூட்டம் பிறந்தது. காலாண்டுக்கு ஒருமுறை தரும் சீட்டு இருந்தால்தான் உறுப்பினர். தீங்கு செய்யாதே, நன்மை செய், ஆராதனையையும் நற்கருணையையும் கைவிடாதே என்ற மூன்று விதிகளே 1743இல் வந்த பொதுவிதிகளின் சாரம்.

அனுபவத்தின் நாளைக் கேட்டது ஹாலே. இந்த வாரம் எப்படி நடந்தாய் என்று கேட்டார் வெஸ்லி. அவருடைய நாட்டிலேயே ஜான் நியூட்டன் என்ற மாலுமி 1748இல் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டார். அதன்பின் சில ஆண்டுகள் அடிமைக் கப்பலுக்கே தலைவராக இருந்தார். கப்பலில் ஜெபம் நடத்தினார். கீழ்த்தட்டில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். உடல்நலம் குன்றி 1754இல் கடலை விட்டார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்துத் தம் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் எழுதியது 1788இல். புயலில் திரும்பிய உள்ளம் கப்பலின் கீழ்த்தட்டுவரை இறங்க நாற்பது ஆண்டு எடுத்தது. நியூட்டனின் மனந்திரும்புதல் பொய்யானது என்று யாரும் சொல்ல முடியாது. அது ஒரே நாளில் முடியவில்லை என்பதே உண்மை.

தரங்கம்பாடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு

ஹாலேயின் மாணவர்களான சீகன்பால்கும் புளுட்சோவும் டென்மார்க் அரசர் அனுப்ப 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஐரோப்பாவின் பக்திமார்க்கம் தமிழ் பேசத் தொடங்கியது அன்று. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. வேதத்தைத் தானே வாசித்து உணர்ந்தாலன்றி உள்மாற்றம் இல்லை என்பது ஹாலேயின் கொள்கை. ஆகவே ஞானஸ்நானத்துக்கு முன் உபதேச வகுப்பும், கோவிலோடு பள்ளியும் அவர்களுக்கு இன்றியமையாதவை ஆயின.

அந்த மரபின் கண்டிப்பைப் பாளையங்கோட்டையில் காணலாம். தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டிய பிராமண விதவை ஒருவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் மூலமாகவே கிறிஸ்தவத்தை அறிந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். திருமணமில்லாத அந்த உறவைக் காரணம் காட்டி ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின் அவர் மறுபடி கேட்டார்; 1778இல் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் அவர் பெயரே முதலாவது. 1785இல் பிரதிஷ்டையான கோவில் அவருடைய முயற்சியில் எழுந்தது. மறுத்த வாசலில் மறுபடி வந்து நின்றதையும், பிராமணக் குலத்தில் பிறந்தும் எல்லாச் சாதியாரோடும் ஒரே பதிவேட்டில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அம்மையாரின் உள்ளத்தைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை.

கூட்டமாக வந்தவர்களின் உள்ளம்

திருநெல்வேலியில் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக மக்கள் சபைக்கு வந்தார்கள். 1799இல் உருவான முதலூர் போன்ற அடைக்கலக் கிராமங்கள் துன்புறுத்தலுக்குத் தப்பியவர்களுக்காக எழுந்தவை. 1877-78 பஞ்சத்தின்போதும் அதன்பின்னும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இவர்கள் சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சு அன்றே எழுந்தது, இன்றும் கேட்கிறது.

இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் இதற்கு நேராகப் பதில் சொன்னார்: உயர்ந்த நோக்கம் உபதேசத்தால் வருவது, உபதேசம் பெறாதவரிடம் அதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாகாது. பின்னர் அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியர் வாஸ்கம் பிக்கெட், இந்தியாவின் பல பகுதிகளில் கூட்டமாகச் சபைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார். எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் அவர்களுக்கு எத்தகைய போதனையும் பராமரிப்பும் கிடைத்தன என்பதே அவர்கள் வாழ்வைத் தீர்மானித்தது என்று அவர் கண்டார். அடிபட்டவன் அடைக்கலம் தேடுவதை நோக்கக் கலப்படம் என்று குறை சொல்வது, அடிபடாதவருக்கு எளிது. இயேசுவிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் தீரவே வந்தார்கள். அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

பந்தியில் வைத்த சோதனை

தமிழ்ச் சபைகளைப் பிளந்த கேள்வி வேறு. ஞானஸ்நானம் பெற்று, வேதம் வாசித்து, கண்ணீரோடு ஜெபித்து, பிறகு தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த சகோதரனோடு ஒரு பாயில் உட்கார மறுத்தால் அந்த உள்ளம் திரும்பியதா?

17ஆம் நூற்றாண்டில் மதுரையில் ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்கள், மத அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். தரங்கம்பாடி, தஞ்சாவூர் லூதரன் சபைகளிலும் கோவிலுக்குள் சாதிக்கேற்ற இடம் தொடர்ந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை உடனே, முழுதும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதி ஒழுங்கைக் காக்க எழுதியவர்களில் ஒருவர். அவருடைய பக்தியில் ஐயம் கொள்ள இடமில்லை. அதனாலேயே இது நம்மை வருத்துகிறது.

இரண்டு அணிகள் உருவாயின. லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக ஏற்பாடு, உள்ளம் வளர வளர அது தானே கரையும், கட்டாயத்தால் வராது என்றார். மறு அணி காத்திருக்க மறுத்தது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் தம் மாணவர்கள் சேர்ந்து உண்ண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் சேர்ந்து உண்பதைச் சோதனையாக வைத்தது. உபதேசிமார் பலர் விலகிப் போனார்கள். 1850இல் சென்னை மிஷனரிகளின் கூட்டம், எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண மனமில்லாதவர் சாதியை விட்டவர் ஆகார் என்று தீர்மானித்தது.

கிரவுலின் வாதத்தில் ஆழம் இருக்கிறது. கட்டாயத்தால் ஒருநாள் கையை நனைத்துவிட்டு வீட்டில் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தவர்கள் உண்டு. ஆனால் காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உள்ளம் வளரட்டும் என்று காத்திருந்த இடங்களில் சாதி கரையவில்லை, தலைமுறைகளைத் தாண்டி வந்தது. உள்மாற்றம் என்ற உயர்ந்த சொல்லே அங்கே மாறாமல் இருப்பதற்கு ஒதுங்குமிடமாயிற்று. சோதனை வைத்தவர்களுக்கும் பாடம் உண்டு. 1910இல் எடின்பரோ மாநாட்டில் திருநெல்வேலிக்காரரான வி. எஸ். அசரியா, மிஷனரிகள் உடைமையையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு சொல்லி, எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்று கேட்டார். இந்தியருக்குப் பந்திச் சோதனை வைத்த வெள்ளையர்கள் பலர் தங்கள் மேசையில் இந்தியரைச் சமமாக உட்கார வைக்கவில்லை.

வடக்கன்குளம்: ஒரே ஊரில் இரண்டு சாட்சி

இந்தக் கேள்வி முழுவதையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லன்னாயிடமிருந்து யோபுவின் கதையைக் கேட்டு, 1745இல் இங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவரைத் திருச்சபை புனிதராக அறிவித்தது.

அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலுக்குப் பீடம் ஒன்று, நடுக்கூடம் இரண்டு. வெள்ளாளர் ஒன்றிலும் நாடார் முதலானோர் மற்றதிலும் நின்று ஒரே பூசையைக் காணும்படி கட்டடத்தையே பிரித்துக் கட்டினார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போயும் அவர்கள் கேட்ட பிரிவினை திரும்பவில்லை. தடுப்பை இடித்தது மனிதர்களின் உள்ளத்தை அன்றே மாற்றிவிடவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக் குழந்தைகள் தடுப்பில்லாத கோவிலில் முழந்தாளிட்டார்கள். வெளிச்செயலும் உள்ளத்துக்கு உபதேசம் செய்யும் என்பதை அந்தக் கோவில் காட்டுகிறது.

எழுப்புதலும் அதன் பின்னும்

1860இல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையில், வத்திராயிருப்புக்கு அருகே, எழுப்புதல் பற்றியது. மக்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் அஞ்சினார்கள். எட்வர்ட்ஸ் இருந்திருந்தால் நடுக்கத்தை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கேட்டிருப்பார். அருளப்பனும் அவருடைய ஊழியர்களும் சங்கச் சம்பளத்தை நம்பாமல், தங்கள் கைகளால் உழைத்துப் பிழைத்துக்கொண்டு ஊழியம் செய்ய முயன்றவர்கள். கண்ணீரின் நம்பகத்தன்மை அதில் இருக்கிறது.

அந்தக் காலத்து உள்வாழ்வுக்குத் தமிழிலக்கியமும் சாட்சி. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற வைணவ அறிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றி 1894இல் வெளியிட்டார். பனியனின் கதையில் இடுக்கவாசல் வழியாக வராமல் மதிலேறிக் குதித்து வருகிறவர்கள் உண்டு. பக்தியை அழகாகப் பேசி வீட்டில் வேறு விதமாக வாழ்கிறவனும் உண்டு. யாத்திரையைத் தொடங்கியவர்கள் நடுவிலேதான் அவர்கள் நடக்கிறார்கள்.

இன்று நம் கையில் இருக்கும் கோல்

இன்றைய தமிழ்ச் சபைகளில் இந்த மரபுகள் எல்லாம் கலந்தே நிற்கின்றன. திடப்படுத்தல் வகுப்பில் ஹாலேயின் நிழல் இருக்கிறது. இரட்சிக்கப்பட்டீர்களா, எந்தத் தேதியில் என்று கேட்கும் கூட்டங்களில் போராட்டப் படிவம் இருக்கிறது. சாட்சி நேரத்தில் நியூ இங்கிலாந்து இருக்கிறது. தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில் திரெந்து இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உயிரோடு பிறந்தது. ஒவ்வொன்றையும் இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தவறில்லாமல் ஒப்பித்துவிட முடியும்.

திருநெல்வேலிச் சீமையில் ஊர்க் கோவில் திருவிழாவில் அசனம் வைக்கிறோம். எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. 1847இல் உபதேசிமார் வேலையை விட்டுப் போகக் காரணமான பந்தி இன்று நமக்கு விழா. இதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அசனத்தில் அருகே உட்கார்ந்தவரின் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டோம் என்கிறோம். திருமண விளம்பரத்தில் சபைப் பெயருக்கு முன் சாதிப் பெயரைப் போடுகிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கு ஒரு பகுதி இருக்கிறது. பேராயத் தேர்தலில் வாக்கு எண்ணுவதற்கு முன்பே சாதி எண்ணப்படுகிறது. பந்தியில் விட்டுக்கொடுத்ததை நாம் மணவறையில் மீட்டுக்கொண்டோம்.

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிக்கும் குருவானவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் ஆயத்தப்படுத்தும்போது, விசுவாசப் பிரமாணத்தோடு சேர்த்து, சாதியைப் பற்றி இந்தப் பிள்ளை என்ன செய்யத் தீர்மானித்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் நம் வீட்டுப் பிள்ளைகளின் திருமணத்தில் நாம் என்ன செய்தோம் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். ஆதிச் சபை விக்கிரகத் தொழிலாளியிடம் தொழிலை விடச் சொன்னது. அவரும் பிழைப்பை இழந்து விட்டார். நம்மிடம் கேட்கப்படுவது அதைவிடச் சிறியது. அதைக் கொடுக்காத உள்ளம் எத்தனை தேதி சொன்னாலும், எவ்வளவு கண்ணீர் விட்டாலும், இன்னும் திரும்ப வேண்டியதாகவே இருக்கிறது. கொடுத்தவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை முன்னே நிறுத்துவதே இனி நம் சபைகளின் சாட்சி நேரமாக இருக்கட்டும்.